வெள்ளி ரூபாயில் கைவேலை: அறிகுறி வாரியாகச் சோதனை, பிறகு கிரேடிங் முடிவு

அரிய ஆண்டு என்று சொல்லி ஒரு வெள்ளி ரூபாய் கைக்கு வந்தால், கிரேடிங்குக்கு (காசு அசலா என்று பார்த்து, அதன் நிலைக்கு எண் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பலாமா என்பது இரண்டாவது கேள்வி. யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. கைவேலையில் பெரும்பகுதியை வீட்டு மேசையிலேயே, காசுக்குச் சேதமில்லாமல் கண்டுபிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் அனுப்பினால், கட்டணமும் தபால் செலவும் கொடுத்து ‘அசல் அல்ல’ என்ற பதிலை வாங்குவதுதான் மிச்சம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். சுதந்திர இந்தியக் காசுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

மேசையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசு, 10 மடங்கு பெரிதாக்கும் லூப், விட்டமும் தடிமனும் அளக்கப் பிளாஸ்டிக் வெர்னியர், சிறிய நியோடிமியம் காந்தம், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய ஒரு எல்.இ.டி. விளக்கு. இவற்றைவிட முக்கியமானது ஒப்பீட்டுக் காசு. அதே அரசர், அதே வடிவமைப்பு, சந்தேகமில்லாத சாதாரண ஆண்டு ரூபாய் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. படத்தோடு ஒப்பிடுவது இதற்கு ஈடாகாது. படத்தில் உயரம் தெரியாது, கைவேலை உயரத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

உரைகல்லில் உரைப்பது, அமிலம் விடுவது, கத்தி முனையால் சுரண்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். காசு அசலாக இருந்தால் அந்த ஒரு கீறலே அதன் விலையைத் தின்றுவிடும்.

அறிகுறி 1: எடை ஒத்துவரவில்லை

1835இல் வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய் தொடங்கி ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் வரை எடை 11.66 கிராம், வெள்ளி 91.7%. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் எடை அதேதான், வெள்ளி மட்டும் 50%. மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல், காந்தத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாத 1947 ரூபாயை அங்கேயே ஒதுக்கிவிடலாம். வெள்ளி ரூபாய் எதுவும் காந்தத்தில் ஒட்டக் கூடாது.

புழங்கித் தேய்ந்த காசு 11.5, 11.4 என்று இறங்கும். அப்படி இறங்கினால் முகத்திலும் தேய்மானம் தெரிய வேண்டும். மீசையும் முடியும் கூர்மையாக நின்று எடை மட்டும் 10.9 என்றால் அது வார்ப்பு, இல்லையென்றால் வேறு உலோகம். எடை 11.7ஐத் தாண்டினால் தேய்மானத்தைக் காரணம் சொல்ல முடியாது. பற்றவைத்த ஈயம் ஒட்டியிருக்கிறதா, பூச்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எடை சரியாக இருந்தாலும் உலோகம் சரி என்று ஆகிவிடாது. வெள்ளிப் பூச்சிட்ட செம்பைச் சற்றுத் தடிமனாக அடித்தால் எடையைச் சரியாகக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு நீர்ச் சோதனை:

1. தராசில் சிறு கண்ணாடிக் குவளையை வைத்து, காசு முழுக மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருங்கள்.
2. மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, நீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது.
3. தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

11.66 கிராம் காசு 91.7% வெள்ளி என்றால் நீர் எடை ஏறத்தாழ 1.13 கிராம் வரும், அடர்த்தி 10.3. 50% வெள்ளிக்கு 1.22 கிராம், அடர்த்தி 9.5. உள்ளே செம்பு இருந்தால் 1.30, பித்தளை என்றால் 1.37 அளவில் நிற்கும். எண் நிலையில்லாமல் ஆடினால் காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறது. குமிழி இருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும், நல்ல காசே போலி போலத் தோன்றும். காசை எடுத்து மீண்டும் மெதுவாக இறக்கி மூன்று முறை பாருங்கள். முடிந்ததும் பருத்தித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

ஐஸ் கட்டியை வைத்து, சீக்கிரம் உருகினால் வெள்ளி என்று சொல்லும் சோதனையை நம்பாதீர்கள். செம்பும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வெப்பத்தைக் கடத்தும்.

அறிகுறி 2: ஆண்டு எண் உறுத்துகிறது

பணம் அதிகம் புரளும் கைவேலை இதுதான். காசு முழுக்க அசல், ஓர் இலக்கம் மட்டும் பொய். அதனால் எடை, அடர்த்தி, ஒலி எல்லாச் சோதனையிலும் தேறிவிடும்.

அச்சில் அடித்த இலக்கம், தளத்திலிருந்து (எழுத்தும் படமும் இல்லாத சமமான பரப்பு) ஒரே உலோகமாக எழும்பி நிற்கும். அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதால், தளத்தில் நுண்ணிய பாய்ச்சல் கோடுகள் விழும். அதிகம் தேயாத காசை விளக்கடியில் மெல்லச் சுழற்றினால் ஒளி சக்கர ஆரங்கள் போலச் சுற்றி வருவது இந்தக் கோடுகளால்தான். இலக்கத்தைச் சுரண்டியவரால் அந்தக் கோடுகளைத் திரும்ப வரைய முடியாது. அதனால் சுழலும் ஒளி ஆண்டு எண்ணருகே வந்ததும் சட்டென்று அணைந்தால் அங்கே லூப்பை வையுங்கள்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது, 1938 எளிதில் கிடைக்கும். 8ஐ 9 ஆக்க, 8இன் கீழ் வளையத்தின் இடப்பக்கத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை வாலாக இழைக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, உலோகம் எடுத்த இடத்தில் தளம் சற்றுப் பள்ளமாக, கரடாக, அல்லது அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கும். விளக்கை ஏறக்குறையக் கிடைமட்டமாகச் சாய்த்தால் அந்தப் பள்ளத்தில் நிழல் விழும். இரண்டு, அதே காசிலேயே சாட்சி இருக்கிறது: ஆண்டின் இரண்டாம் இலக்கமும் 9தான். இரண்டு 9களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 8க்கு மேல் வளையம் சிறியது, 9க்குத் தலை பெரியது. கடைசி 9 சிறுத்த தலையோடும் தடித்த கழுத்தோடும் நின்றால் அது பிறப்பில் 8. மூன்று, தேய்மானம். முதல் மூன்று இலக்கங்களின் உச்சி மழுங்கியிருக்க, கடைசி இலக்கத்தின் ஓரம் மட்டும் கூர்மையாக இருந்தால் அது பிறகு செதுக்கியது.

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய்க்கு இன்னும் உறுதியான சோதனை உண்டு. அந்த ஆண்டுக் காசில் அரசரின் அங்கிமேல் கிடக்கும் சங்கிலியில் உள்ள யானை, குட்டைத் துதிக்கையோடு பன்றி போலத் தோன்றியதால் எதிர்ப்பு கிளம்பியது. அடித்த 94 லட்சம் காசில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போனது, மற்றவை உருக்கப்பட்டன. 1912 முதல் யானையைத் திருத்திவிட்டார்கள், துதிக்கை நீண்டு தெளிவாகத் தெரியும். ஆகவே 1911 என்ற ஆண்டோடு திருத்திய யானை இருந்தால், இலக்கத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. அது கைவேலை. யானை தேய்ந்துபோயிருந்தால் 1911இல் உள்ள மூன்று 1களின் அடிக்கோடு, உயரம், இடைவெளி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். 2ஐ 1 ஆக்கும்போது அடிக்கோடு அகலமாகவோ ஒருபக்கம் சாய்ந்தோ நின்றுவிடும்.

இலக்கத்தைத் தனியாகச் செய்து ஒட்டுவதும் உண்டு. இலக்கத்தின் அடியைச் சுற்றி மயிரிழை போன்ற இருண்ட கோடு, வேறு நிறப் படலம், பசையின் பளபளப்பு ஆகியவை அடையாளம். சந்தேகமிருந்தால் தூய அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மூடி போட்டு, அடுப்பும் நெருப்பும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, பலவகைப் பசைகளை இளக்கும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது ஆகாது. பற்றவைத்த இலக்கம் அசிட்டோனுக்கு அசையாது. அதை நிறமும் ஓரக் கோடும்தான் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி 3: புள்ளி அல்லது நாணயச்சாலைக் குறி ஐயம் தருகிறது

விக்டோரியா ரூபாயில் 1862 என்ற ஆண்டு 1874 வரை மாறாமல் தொடர்ந்தது. அந்தக் காலத்து பம்பாய்க் காசுகளில் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் வகைக்கு வகை மாறும், விலையும் மாறும். ஒரு புள்ளியைச் சேர்க்கவோ நீக்கவோ சில நிமிட வேலை போதும் என்பதால் இங்கே கவனம் தேவை. அச்சில் பிறந்த புள்ளி சீரான குமிழாக இருக்கும், அதன் சரிவு தளத்தோடு இழைந்து இறங்கும். தளத்தைக் குத்தி எழுப்பிய புள்ளியைச் சுற்றி வட்டமான பள்ளம் இருக்கும்.

சுதந்திர இந்தியக் காசுகளில் மும்பைக்கு வைரம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. ஆகவே குறியைச் சுரண்டி எடுத்தாலே எந்தக் காசும் ‘கொல்கத்தா’ ஆகிவிடும். ஆண்டுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் குறுக்குக் கீறலோ மங்கிய திட்டோ இருந்தால் விலையை ஏற்காதீர்கள்.

அறிகுறி 4: விளிம்பில் ஏதோ தவறு

காசைப் படுக்கவைத்துப் பார்ப்பவர்கள் விளிம்பைப் பார்ப்பதில்லை. விளிம்பு முழுக்க நடுவே ஓடும் மெல்லிய கோடு வார்ப்புக்கு அடையாளம், அல்லது இரண்டு காசின் பாதிகளை ஒட்டியதற்கு. இருபக்கமும் தலை உள்ள காசு, ஓர் ஆண்டின் தலையும் இன்னோர் ஆண்டின் பூவும் சேர்ந்த காசு எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு காசின் உள்ளே குடைந்து இன்னொன்றைப் பதித்திருந்தால் கோடு விளிம்பில் இருக்காது, உள்வட்டத்தையொட்டி ஓடும். விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் ஒட்டுக்காசு ஒலிக்காது, ‘டொக்’ என்று செத்த ஓசைதான் வரும்.

1940க்குப் பின் வந்த 50% வெள்ளி ரூபாயின் விளிம்பில், கள்ளக்காசைத் தடுக்கவென்றே நடுவில் வேலைப்பாடுள்ள பள்ளம் ஓடும். வெறும் செங்குத்துக் கோடுகளோடு 1944 ரூபாய் வந்தால் அது சந்தேகத்துக்கு உரியது.

நம் ஊர்க் காசுகளில் அதிகம் காண்பது கொக்கி எடுத்த தழும்பு. காசுமாலையிலும் சங்கிலியிலும் கோர்க்க, அரசரின் தலைக்கு நேர் மேலே வளையம் பற்றவைத்திருப்பார்கள். பிறகு அதை எடுத்து அரத்தால் ராவி விற்பார்கள். தலைக்கு மேலே விளிம்புக் கோடுகள் அரை சென்டிமீட்டர் அளவுக்கு மழுங்கியிருக்கும், அல்லது கோடுகளைக் கையால் கீறியிருப்பதால் இடைவெளி ஒழுங்கற்று இருக்கும். சூடு பட்ட இடம் சாம்பல் நிறத்தில் திட்டாக நிற்கும். பாட்டி காலத்துக் காசில் கொக்கி இன்னும் இருந்தால் அதை எடுக்காதீர்கள். எடுத்தாலும் சேதக்காசுதான், மாலையின் அடையாளமும் போய்விடும்.

ஓட்டையை அடைத்த காசும் இதே வகை. ஒரு பக்கத்தில் ஐயம் வந்தால், மறுபக்கத்தில் நேர் அதே இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் எழுத்து கோணலாகவோ பூ வேலை கையால் இழைத்தது போலவோ இருந்தால் அடைப்புதான்.

அறிகுறி 5: நூறு வயதுக் காசு நேற்று அடித்ததுபோல் மின்னுகிறது

மின்னுவதில் இரண்டு வகை. அச்சிலிருந்து வந்த ஒளி காசைத் திருப்பினால் சுழலும். தேய்த்து வந்த ஒளி எப்படித் திருப்பினாலும் ஒரே இடத்தில் பளீரென்று நிற்கும். புளி, திருநீறு, பற்பசை எதைக்கொண்டு தேய்த்தாலும் லூப்பில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். சுழலும் கம்பித் தூரிகையால் தேய்த்த காசில் எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் தள்ளிக் குவிந்திருக்கும். புதுக் காசு என்று ஏமாற்றவே இதைச் செய்கிறார்கள்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் கொண்டு வெளுப்பாக்கும் முறை காணொளிகளில் அதிகம் உலவுகிறது. கறுப்பு போவது உண்மை. கூடவே இயல்பான நிறப்படலமும் போய், உயிரற்ற வெளுப்பு மிஞ்சும். கிரேடிங் மேசையில் இருப்பவர்கள் அதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள். கறுத்த வெள்ளியை அப்படியே விடுங்கள்.

அறிகுறி 6: வானவில் நிறம்

வெள்ளியில் கந்தகம் மெல்லப் படிந்து வரும் நிறம் மஞ்சளில் தொடங்கி, செந்நிறம், ஊதா, நீலம் என்று படிப்படியாக மாறும். எழுத்துகளை ஒட்டிய இடங்களில் சற்று வேறாக நிற்கும். ரசாயனம் தெளித்து ஒரே நாளில் ஏற்றிய நிறம் படிகளைத் தாண்டிக் குதிக்கும், எழுத்து, தளம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் திட்டாக வழியும். தேய்த்த கீறல்களின் மேல் நிறம் படிந்திருந்தால், பழைய குற்றத்தை மறைக்கப் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது நிறமல்ல. மென்மையான பி.வி.சி. உறையின் கசிவு, தூய அசிட்டோனில் போகும்.

அறிகுறி 7: தேய்ந்த காசில் ஓரிடம் மட்டும் கூர்மை

அரசரின் காதும் அங்கியும் தேய்ந்திருக்க, கிரீடத்தின் மணிகளும் முடிக்கோடுகளும் மட்டும் ஆழமாக இருந்தால் செதுக்குளி பட்டிருக்கிறது. அச்சில் வந்த கோட்டின் அடி உருண்டிருக்கும், உளிக்கோட்டின் அடி ‘V’ வடிவக் கூரிய பள்ளமாக இருக்கும். சோழர் காலச் செப்புக்காசுகளிலும் இந்த வேலை நடக்கிறது, அங்கே எழுத்தையே புதிதாகச் செதுக்கிவிடுகிறார்கள்.

விற்பவரிடம் ஒரே அரிய ஆண்டுக் காசு இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தற்செயலான தழும்பு, அதாவது கன்னத்தில் ஒரு குழி, தளத்தில் ஒரு கீறல், எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் திரும்ப வந்தால் அவை ஒரே போலி அச்சின் பிள்ளைகள்.

இனி கிரேடிங்

உலக அளவில் பெரிதும் ஏற்கப்படும் கிரேடிங் நிறுவனங்கள், அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்.ஸும் 1987இல் தொடங்கிய என்.ஜி.சி.யும். இரண்டும் 1 முதல் 70 வரை எண் தரும். 60உம் அதற்கு மேலும் புழங்காத காசு. அசல், ஆனால் தேய்த்தது, கொக்கி எடுத்தது, கீறியது என்றால் எண் கிடைக்காது. ‘டீட்டெயில்ஸ்’ என்ற குறிப்போடு குறையின் பெயரும் சீட்டில் ஏறும். ஆண்டு எண்ணை மாற்றிய காசுக்கு அதுவும் கிடைக்காது.

சாதாரண ஆண்டு, புழங்கிய காசு என்றால் அனுப்ப வேண்டாம். 91.7% ரூபாயில் தூய வெள்ளி 10.69 கிராம், 50% ரூபாயில் 5.83 கிராம். பெரும்பாலான தேய்ந்த ரூபாய்களின் விலை அந்த வெள்ளியின் விலையையொட்டியே நிற்கும், கிரேடிங் செலவு அதைத் தாண்டிவிடும். சாதாரண ஆண்டு, ஆனால் சுழலும் ஒளி முழுதாக உள்ள காசு என்றால் கணக்குப் போடுங்கள். கட்டணம், உறுப்பினர் கட்டணம், இருவழித் தபால், காப்பீடு, சுங்கம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். டோடிவாலா, மரூதர் ஆர்ட்ஸ், கிளாசிக்கல் நியுமிஸ்மேடிக் கேலரி போன்ற ஏல நிறுவனங்களின் முடிந்த ஏல விலைகளில், உறையிட்ட காசுக்கும் (கிரேடிங் நிறுவனம் பிளாஸ்டிக் உறையில் மூடிக் கொடுத்தது) உறையில்லாத காசுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணுக்கு இரண்டு படி கீழே வந்தாலும் வித்தியாசம் செலவைப் போல் இரு மடங்கு இருந்தால் அனுப்பலாம். விற்பவர்கள் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அரிய ஆண்டு, மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிய காசு என்றால், தேய்ந்திருந்தாலும் கிரேடிங் பயனுள்ளது. போலிகள் மலிந்த ஆண்டுக்கு வாங்குபவர் கேட்பது அசல் என்ற உறுதி, எண் அப்புறம்தான். ஒரே ஒரு சோதனையில் இடறினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் விற்றவரிடமே கொடுத்துவிடுங்கள். கிரேடிங் முடிவு வரும்வரை அவர் காத்திருக்கமாட்டார்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சட்டம் தடுக்கிறதா என்று பாருங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் அனைத்தும், ஐந்தாம் ஜார்ஜின் 1911 முதல் 1922 வரையிலானவையும் இதில் அடங்கும். பன்றி ரூபாயை அமெரிக்காவுக்குக் கூரியரில் அனுப்புவது குற்றம். நூறு வயதாகாத ஆறாம் ஜார்ஜ் காசுகள் இந்தத் தடைக்குள் வராது. ஆனாலும் சுங்கத்தில் சிக்காமலிருக்க, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

ஏற்கெனவே உறையில் இருக்கும் காசை வாங்குவதானால், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தையும் கையில் உள்ள காசின் கீறல்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது. உண்மையான எண்ணைப் போலி உறையில் அச்சிடுகிறார்கள். உறையின் ஓரம் திறந்து ஒட்டியது போல் வெளுத்திருந்தாலும் வேண்டாம்.

அனுப்புவது என்று முடிவானால், இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, எடையையும் நீர் எடையையும் குறித்துவையுங்கள். பி.வி.சி. இல்லாத மைலார் (ஒருவகைப் பிளாஸ்டிக் தாள்) உறையில் காசைப் போடுங்கள். ஸ்டேப்ளர் ஊசி அடிக்காதீர்கள், அது காசைக் கீறும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே அசையாமல் ஒட்டி, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்குக் கட்டுங்கள். காப்பீட்டுத் தொகையை ஏல முடிவு விலைக்கு எழுதுங்கள்.